கொளஞ்சி அக்காவின் கைகளுக்குள்

என்னை இடுப்பில் சுமந்தே வளர்த்த என் கொளஞ்சி அக்காவுக்கு,

பெரம்பலூரில் என் வாடகை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே நல்ல வெயில். உன் மகள் மலர் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுகிறாள். ஆமாம், அவள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். நான் அறிவியல் எடுக்கிற பள்ளிக்கூடத்திலேயே ஆறாவது படிக்கிறாள். அது எப்படி நடந்தது என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். நம் ஊரில் பத்திரிகை வாங்குகிறவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். ஆனால் அந்த நாலு பேர் படித்தால் போதும், ஊர் முழுக்கப் போய்விடும். உன்னிடம் தனியாகச் சொல்ல வேண்டியதை ஏன் எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறாய் என்று நீ கேட்பாய். எதையும் எனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறவள் நான். நீ உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். அதன் பலனை நீதான் அனுபவித்தாய்.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்திருந்தேன். தோப்பில் அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் முந்திரிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார்கள். உனக்குத் தெரியாததா? ஓட்டைத் தகரத்தில் கொட்டையைப் போட்டு அடியில் தீ மூட்டினால், கொட்டைக்குள் இருக்கும் பால் சீறிக்கொண்டு தானே எரியத் தொடங்கும். உச்சிவெயிலிலும் அந்தப் புகை கறுப்பாக நிற்கும். எரிந்த கொட்டையைத் தரையில் கவிழ்த்து, மண்ணைத் தூவி, ஆறும்வரை யாரும் கிட்டே போகமாட்டார்கள்.

மலர் போனாள். குந்தி உட்கார்ந்து, சிந்திய அரிசியைக் கூட்டுவதுபோல, வலது கையின் வெளி ஓரத்தால் கொட்டைகளைக் குவித்தாள். சில கொட்டைகளில் இன்னும் நீலமாகத் தீ இருந்தது. ஏதோ பள்ளிக்கூடத்துக் கதையை எனக்குச் சொல்லிக்கொண்டே குவித்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை, அக்கா.

பெண்கள் இருவரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். “கொளஞ்சி கை” என்றாள் ஒருத்தி, மெதுவாக. இன்னொருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கும்பிட்டது குழந்தையை அல்ல, குழந்தையின் கையை. அம்மா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டுக்கே வந்துவிட்டார். சித்திரைத் திருவிழாவில் மலர் தீச்சட்டி எடுக்கவேண்டும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். “ஒங்க பெரிய பொண்ணு எங்கயும் போவல. பேத்தி கையில வந்து ஒக்காந்துருக்கு” என்றார். அம்மா சரியென்று தலையாட்டினாள். அவர் சொன்னது பொய்யென்று என்னால் சொல்ல முடியவில்லை.

உன் முதல் தீச்சட்டி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்குப் பதினாறு வயது. மலர் கைக்குழந்தை. மாமா நெய்வேலிக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. அதுவரைக்கும் ஊரில் உனக்குப் பெயர் ‘புருசன் உட்டுட்டுப் போனவ’. குழாயடிக்கு நீ வந்தால் பேச்சு நின்றுபோகும். அந்தச் சித்திரையில் நீ வேப்பிலைகூட வைக்காமல், வெறும் கையில் சட்டியை ஏந்தி மூன்று தெரு சுற்றி வந்தாய். சட்டியின் விளிம்பிலிருந்து ஒரு கங்கு உன் மணிக்கட்டில் விழுந்தது. நீ அதைப் பார்த்தாய். தட்டிவிடாமல் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தாய். அது அங்கேயே கிடந்து கறுத்தது. எனக்கு அந்த வாசனை வந்தது. கூட வந்தவர்களுக்கும் வந்திருக்கும். யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து உனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உன் கையால் விபூதி வாங்க வந்தார்கள்.

உன் கையில் எப்போதும் இரண்டு மூன்று புண் இருக்கும். முந்திரிப் பால் பட்டது என்று சொல்லிவிடுவோம். நம் ஊரில் எந்தப் பெண்ணின் கையில்தான் அந்தக் கறுப்பு இல்லை? ஒருநாள் காலையில் நீ எழுந்து வந்து உன் நடுவிரலை என்னிடம் நீட்டினாய். நுனி இல்லை. பாயில் ரத்தம். நீ தூங்கிக்கொண்டிருந்தபோது எலி தின்றிருக்கிறது. “இங்க பாருடி, கடிச்சிட்டுப் போயிருக்கு” என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் என்னை விடவில்லை.

அதன்பிறகு நான் திருச்சியில் விலங்கியல் படிக்கப் போனேன். அங்கே படித்ததை உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கேள்.

நரம்பு என்றால் வெறும் கம்பி என்றுதான் நினைத்திருந்தேன். அது தனியாக இல்லை, அக்கா. ஒவ்வொரு நரம்பு செல்லைச் சுற்றியும் வேறு செல்கள் குடியிருக்கின்றன. அவை சேதி எதையும் கொண்டுபோவதில்லை. முதலில் பார்த்தவர்கள் அவற்றை வெறும் பசை என்று நினைத்து, அந்தப் பொருளில்தான் பெயரே வைத்தார்கள். மூளையில் நட்சத்திரம்போல் கை நீட்டிய ஒரு வகை உண்டு. அது ஒரு கையால் ரத்தக்குழாயையும் இன்னொரு கையால் நரம்பு செல்லையும் பிடித்துக்கொண்டு ஊட்டுகிறது, மிஞ்சியதைத் துடைக்கிறது. இன்னொரு வகை மிகவும் சிறியது. எங்காவது ஒரு செல் செத்தால் ஊர்ந்துபோய் அதைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்கிறது. மூளைக்குள் இருக்கும் நீர்க்குழிகளின் சுவர்களில் மெல்லிய மயிர் முளைத்த செல்கள் அந்த நீரை ஓயாமல் அலைத்துக்கொண்டிருக்கின்றன.

நாம் யோசிப்பதற்கும் பயப்படுவதற்கும் பின்னால் ஒரு வார்த்தை பேசாமல் இத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று படித்த அன்று, விடுதி அறையில் என் தலையைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. யாரோ குடியிருக்கும் வீட்டுக் கதவில் கை வைப்பது போல இருந்தது.

கை கால் நரம்புகளில் இருப்பவை போர்த்தும் செல்கள். ஒவ்வொன்றும் நரம்பு இழையில் சிறிது நீளத்தைத் தன் உடம்பாலேயே பல சுற்று சுற்றிக்கொள்கிறது. நீ மலரைப் பழைய சேலைத் துணியில் சுற்றிவைப்பாயே, அப்படி. ஒரு செல் முடிகிற இடத்தில் சின்ன இடைவெளி, அப்புறம் அடுத்த செல். சேதி அந்த இடைவெளிகளில் தாவித் தாவி ஓடுகிறது. போர்வை நைந்தால் சேதி தடுமாறும், பிறகு நின்றுவிடும், கடைசியில் இழையும் பட்டுப்போகும்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதில் ஒரு படம். போர்த்தும் செல்லுக்குள்ளே கட்டுக்கட்டாகச் சிவப்புக் குச்சிகள். தொழுநோய்க் கிருமி. அதற்கு அவசரமே கிடையாது என்று எழுதியிருந்தது. உடம்பில் குளிர்ந்த இடங்களாகத் தேடிப் போகும். முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால், காது மடல். அங்கே நரம்பைப் போர்த்தியிருக்கும் செல்லுக்குள் நுழைந்து வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். முதலில் சூடு தெரியாமல் போகும். பிறகு வலி தெரியாது. பிறகு தொட்டாலும் தெரியாது.

புத்தகத்தை மூடிவிட்டு உன் கைப் புண்களை ஒவ்வொன்றாக நினைவில் எண்ணினேன், எலி தின்ற விரலையும் சேர்த்து.

அந்த விடுமுறையில் உன் தலைக்கு எண்ணெய் வைக்கிற சாக்கில் உன் முழங்கையைத் தடவிப் பார்த்தேன். எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் நரம்பு கயிறுபோலத் திரண்டிருந்தது. விரலால் உருட்டினேன். நீ பேசிக்கொண்டே இருந்தாய். நான் உருட்டியது உனக்குத் தெரியவில்லை.

சொல்ல வாயெடுத்தேன், அக்கா. சத்தியமாக எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். “புள்ளக்கி ரெண்டு நாளா காச்சலுங்க. கொஞ்சம் துன்னூறு குடுங்க” என்றாள். உன்னைவிடப் பெரியவள் அவள். உன்னை ‘ங்க’ போட்டுப் பேசினாள். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். உன் முதுகு நேரானதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஊர் உனக்குக் கொடுத்த ஒரே மரியாதை அது. அதை நான் எப்படிப் பிடுங்குவேன்? அடுத்த விடுமுறையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த விடுமுறைக்கு நீ இல்லை. ஐப்பசி மழையில் கூரான முந்திரிக் குச்சி ஒன்று காலில் ஏறியிருக்கிறது. ஒடிந்த துண்டு உள்ளேயே இருக்க, அதோடு நாலு நாள் நடந்திருக்கிறாய். கால் வீங்கி ஜன்னி கண்ட பிறகுதான் தூக்கிக்கொண்டு போனார்கள். வலித்திருந்தால் நீ பிழைத்திருப்பாய். வலிக்காது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அஞ்சு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூசாரி வந்துபோன மறுநாள் காலை மலரைக் குளிப்பாட்டினேன். வலது முன்கையின் வெளிப்பக்கம் வெளுத்து ஒரு தேமல். அந்த இடத்தில் மட்டும் ரோமம் இல்லை, உடம்பெல்லாம் ஈரமாக இருந்தும் அது உலர்ந்ததுபோலவே தெரிந்தது. முழங்கைப் பள்ளத்தில் நரம்பு தடித்துக் கைக்குத் தட்டுப்பட்டது. துவட்டிவிட்டு அம்மாவிடம் போனேன். அவள் முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். மலருக்கு வியாதி இருக்கிறது, பெரம்பலூர் கூட்டிக்கொண்டு போகிறேன், அக்காவுக்கு இருந்ததும் அதுதான் என்றேன்.

அம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை. “தெரியும்” என்றாள்.

உனக்குப் பதினாலு வயதில் உன் முதுகில் ஒரு தேமலைப் பார்த்தாளாம். கருவேல முள்ளால் அதில் குத்தினாளாம். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அன்றிலிருந்து முதுகு தெரியாதபடி உனக்கு ரவிக்கை தைத்திருக்கிறாள். மாமா போன பிறகு, உன் கைகளும் மரத்துப்போனது தெரிந்ததும், தீச்சட்டிக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னவளும் அவள்தான். வேப்பிலை வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான்.

“பெரு வியாதின்னு சொல்லியிருந்தா ஊருக்கு வெளிய குடுசை போட்டு ஒக்கார வச்சிருப்பாங்க. ஆத்தா அருளுன்னு சொன்னேன். கும்புட்டாங்க. பெத்தவ எத சொல்லுவா? நீ படிச்சவதான, நீயே சொல்லு.”

இவளுக்கும் அதையேதான் செய்யப்போகிறாயா என்று கேட்டேன்.

“வேற என்ன இருக்கு எங்கிட்ட?”

“மாத்திர இருக்கும்மா.”

அந்த வார்த்தையை அவள் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “இப்ப வந்ததா?”

அவளிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். நீ இருந்தபோதே இருந்தது, அக்கா.

உன் வியாதி உனக்கும் தெரியுமா? கங்கு விழுந்ததும் நீ முகத்தை நிமிர்த்தினாயே, அது பக்தியா, அம்மா சொல்லிக்கொடுத்ததா? மாமா அந்த ரவிக்கைக்குள் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனாரா? எலி கடித்ததைக் காட்டிச் சிரித்தது எனக்காகவா?

ஆண்டிமடத்தில் பஸ் ஏறி, ஜெயங்கொண்டத்திலும் அரியலூரிலும் மாறிப் பெரம்பலூர் வந்தோம். வழியெல்லாம் மலர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் பிடித்திருந்தது அவளுடைய வலது கை. அதன் பாதி என் கையை உணர்ந்தது, பாதி உணரவில்லை. அந்தப் பாதியில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். உன் பாயில், உன் மூச்சுக்காற்றில் படுத்து வளர்ந்தவள் அவள். ஊர் சொன்னது ஒருவகையில் உண்மைதான். உன்னிடமிருந்தது அவள் கைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒருநாள் நடக்கும் தொழுநோய் கிளினிக். அங்கிருந்த பரிசோதகர் ஐம்பது வயதுக்காரர், பால்பாயிண்ட் பேனாவைக் காதில் செருகியிருந்தார். “கண்ண மூடிக்க பாப்பா. நான் தொட்டா, தொட்ட எடத்த ஒத்த விரலால காட்டணும். ஓரக்கண்ணால பாத்து ஏமாத்துனா சாருக்குத் தெரிஞ்சிரும்” என்றார். தோளில் தொட்டார், காட்டினாள். கட்டைவிரலில் தொட்டார், காட்டினாள். சுண்டுவிரலில் தொட்டார். பிறகு அதன் கீழே, கை ஓரத்தில். பிறகு அந்தத் தேமலில். பேனா முனை தோலில் பதிந்து குழி விழுவதை நான் பார்த்தேன். மலர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, விரலைத் தயாராக நீட்டியபடி, மரியாதையாகக் காத்திருந்தாள்.

“எப்ப சார் தொடுவீங்க?” என்று கேட்டாள்.

அவர் பேனாவை எடுக்காமல் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

கிருமிக்கு ஒரு மாத்திரை, நரம்பு வீக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் போகலாம், யாரோடும் உட்காரலாம் என்றார்கள். கை ஓரம் திரும்ப உணருமா என்று கேட்டேன். உறுதி சொல்ல முடியாது, சீக்கிரம் கொண்டுவந்தது நல்லது என்றார். என்னையும் சோதித்தார். ஒன்றுமில்லை.

எனக்குப் புத்தகத்தில் படித்த இன்னொன்று நினைவுக்கு வந்தது. இழை பட்டுப்போன பிறகும் போர்த்தும் செல்கள் எல்லாம் போய்விடுவதில்லை. செத்ததை அப்புறப்படுத்திவிட்டு, வரிசை கலையாமல் நின்று, நடுவில் வெறும் பாதை ஒன்றைக் காத்துக்கொண்டிருக்கும். இழை மறுபடி துளிர்த்தால் அந்தப் பாதை வழியாகத்தான் வரும். நாளுக்கு ஒரு கடுகளவு. வராவிட்டால் நாளாக ஆகப் பாதையும் தூர்ந்துபோகும்.

மலர் ஊரிலிருந்தே மாத்திரை சாப்பிட்டு வந்தாள். சித்திரையில் நான் ஊருக்குப் போயிருந்தபோது பூசாரி மறுபடி வந்தார். நான்தான் பேசவேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அம்மா முந்திக்கொண்டாள். “அவ கைக்கு மருந்து குடுக்குறாங்க. சட்டி எடுக்க மாட்டா.” என்ன மருந்து என்று கேட்டார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வியாதியின் பெயரைச் சொன்னாள். “கொளஞ்சிக்கு இருந்ததும் அதுதாங்க. நாந்தான் மறைச்சேன்.”

நான் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் அவர் எழுந்து போனார்.

அதன்பிறகு நடந்ததை உனக்கு மறைக்கப்போவதில்லை. அம்மாவைத் தோப்பு வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மலர் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் உட்காரவில்லை. அதனால்தான் அவளை இங்கே கூட்டிவந்தேன். அம்மா வரமாட்டேன் என்று அங்கேயே இருக்கிறாள். ஆனால் ஆடி மாதம் ஒரு மத்தியானம், உன்னிடம் விபூதி வாங்கிய பெண்களில் ஒருத்தி கொல்லைப் பக்கமாக வந்து அம்மா முன்னால் நின்றாளாம். முழங்கையை மட்டும் நீட்டினாளாம். இதுவரை மூன்று பேர் வந்திருக்கிறார்கள். மூவரையும் அம்மாவே பஸ் ஏற்றிக் கிளினிக்குக் கூட்டிவந்தாள். மூன்றாவது முறை தன் கையையும் காட்டிவிட்டுப் போனாள்.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தினமும் காலையில் மலரின் கைகளை வெந்நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, காயம் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஞ்சால் தொட்டும் பார்ப்பேன். ஏழு மாதமாகச் சுண்டுவிரல் பக்கம் ஒன்றும் இல்லை. போன ஞாயிறும் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தலையணைமேல் வைத்தாள். நான் பஞ்சை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தேன்.

“இங்க” என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். கண் மூடியே இருந்தது. இடது கை விரல் வலது சுண்டுவிரலின்மேல் இருந்தது.

“நான் இன்னும் தொடலடி.”

“தொட்டியே சித்தி. சுண்டுவெரல்ல. மெதுவா.”

ஜன்னல் சாத்தியிருந்தது. எறும்பு இருக்கிறதா என்று தலையணையை உதறிப் பார்த்தேன், இல்லை. அறையில் நாங்கள் இருவர்தான். புத்தகம் இதற்குக் காரணம் சொல்கிறது. துளிர்த்து வரும் இழையின் முனை, அந்தப் பாதைக்குள் இருக்கும்போதே, யாரும் தொடாமலே தானாகச் சேதி அனுப்புமாம். நரம்பு திரும்புகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாமாம். நான் அதை நம்புகிறேன். நம்பாமல் இருக்க முடியாது, படித்திருக்கிறேன்.

ஆனால் அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள், அக்கா. கூச்சம் வந்ததுபோலத் தோளைக் குறுக்கிக்கொண்டு, “இன்னொரு தரம்” என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னதுபோல இல்லை. நான் கையில் பஞ்சோடு அலமாரி ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் கழித்து, “ம்ம்” என்றாள்.

நீயா?

நீயாக இருந்தால் உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். மாத்திரை ஒருநாளும் தவறாது. அவளுக்கு வலித்தால் வாய்விட்டு அழவிடுவேன். யார் கேட்டாலும் உன் பெயரையும் உன் வியாதியின் பெயரையும் சேர்த்தே சொல்வேன், குரலைத் தாழ்த்தாமல். நீ வா, எத்தனை தரம் வேண்டுமானாலும் உன் மகளைத் தொட்டுவிட்டுப் போ. அவள் கைக்குள் குடியிருக்க மட்டும் உன்னை விடமாட்டேன்.

சொல்லாமல் இருந்த பாவத்தோடும், மாறாத பாசத்தோடும்,
மலருக்குச் சித்தியாக இருந்து தாயாகிவிட்ட
உன் தங்கச்சி பூங்கொடி